ட்யூப் தட்டும் சத்தம்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் வில்லியனூருக்கு வந்து என் இடது முழங்கையைப் பார்க்கலாம். ஷட்டர் கிழித்த தழும்பு இன்னும் மறையவில்லை.

போன ஐப்பசி, ஒரு செவ்வாய்க்கிழமை. மணி இரண்டு நாற்பது. பகல்தான். மழை பிடித்துக்கொண்டிருந்தது. பாகூர் மாதா கோயில் பாட்டுக்குழுவில் கிட்டார் வாசிக்கும் சார்லஸ், ஒரு பழைய ட்யூப் ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு என் ரிப்பேர் கடைக்கு வந்தார்.

"இன்னா சார்லசண்ணே, பொணமாட்டம் கனக்குது?"

அவர் சிரிக்கவில்லை.

"கொரகொரன்னு இரையுதுபா கலை. ஞாயித்துக்கிழம பூசைக்கு வேணும்."

"வேற யாராவது கை வெச்சாங்களா?"

"இல்லபா..." என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

இந்த வகை ஆம்ப்ளிஃபையரில் நானூறு வோல்ட்டுக்கு மேல் ஓடும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும். அதனால் ஒரு கையால்தான் வேலை செய்வேன். இன்னொரு கை பேன்ட் பாக்கெட்டில். இரண்டு கையும் உள்ளே போனால், கரண்ட் நெஞ்சு வழியாகப் பாயும். அவ்வளவுதான்... ஆள் காலி.

உள்ளே இருக்கும் கண்ணாடி ட்யூப்களில் எது கெட்டது என்று கண்டுபிடிக்க, ஒவ்வொன்றையும் பென்சிலால் தட்ட வேண்டும். நல்லது சும்மா இருக்கும். கெட்டது ஸ்பீக்கரில் மணி மாதிரி அடிக்கும். ட்யூப் சிவந்து காய்கிறதா என்று பார்க்க இருட்டும் வேண்டும். சார்லஸை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு ஷட்டரை இறக்கினேன். அடியில் ஒரு சாண் இடைவெளி. அதில் அவர் செருப்புக் கால்கள் தெரிந்தன.

2.52. முதல் ட்யூப். தொப். இரண்டாவது. தொப். மூன்றாவது...

ணங்.

மாட்டிக்கொண்டது! பென்சிலைக் கீழே வைத்தேன்.

ணங்.

நான் தட்டவில்லை.

மழை அதிர்வாக இருக்கும். சுவிட்சை அணைத்து, துணியால் பிடித்து மூன்றாவது ட்யூபைக் கழற்றினேன். மறுபடி மாட்டி, சுவிட்சைப் போட்டேன்.

ணங்... ணங்...

ப்ளக்கையே பிடுங்கினேன். ஏழு ட்யூபையும் கழற்றி மேசையில் வரிசையாக வைத்தேன். இனி ஸ்பீக்கர் வெறும் அட்டை. மணி 2.58.

ணங்... ணங்... ணங்...

வேகமாக. அவசரமாக.

செல்போன் டார்ச்சைப் போட்டு மேசையில் வைத்துவிட்டு, ஸ்பீக்கர் வயரைப் பிடுங்க வலது கையை உள்ளே விட்டேன். அப்போதுதான் பார்த்தேன்.

என் இடது கை பாக்கெட்டில் இல்லை.

ஆம்ப்ளிஃபையருக்குள் இருந்தது. உள்ளங்கை இரும்புத் தகட்டில் அழுந்தியிருந்தது.

நான் வைக்கவில்லை.

இழுத்தேன். வரவில்லை. மணிக்கட்டில் ஐந்து விரல்... ஐஸ் மாதிரி.

வலது கையும் நகர்ந்தது. கெபாசிட்டர் பக்கம். தானாக.

ஒரு விரல் தூரம்...

அரை விரல்...

மேசையை எட்டி உதைத்தேன். ஆம்ப்ளிஃபையர் கவிழ்ந்தது. கை விடுபட்டது.

ஷட்டரிடம் ஓடினேன். தூக்கினால் அசையவில்லை. குத்தினேன்.

"அண்ணே! தொறங்கண்ணே!"

அந்தக் கால்கள் அப்படியே இருந்தன.

இடைவெளியில் தலையைக் கொடுத்து, முழங்கை கிழிய, ஊர்ந்து வெளியே வந்தேன். 3.09.

"யோவ் அண்ணே! தொண்ட கிழிய கத்துறேன், காது செவுடா?"

சார்லஸ் முகம் வெளுத்தது. "கத்துனியா? தட்டுற சத்தந்தான்பா கேட்டுச்சு. நீ ட்யூப் பாக்குறன்னு நெனச்சேன்..."

சட்டென்று என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். மறைத்ததையெல்லாம் சொன்னார்.

இரண்டு மாதத்துக்கு முன் இதே ஆம்ப்ளிஃபையரை மூலக்குளத்தில் சேவியர் என்ற மெக்கானிக்கிடம் கொடுத்திருக்கிறார். அவரும் ஷட்டரை இறக்கித்தான் வேலை பார்த்திருக்கிறார். சார்லஸ் வெளியே டீ குடித்தபடி தட்டல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். இருபது நிமிடம். சத்தம் நின்ற பிறகுதான் ஷட்டரைத் தூக்கினார்.

சேவியரின் கை இரண்டும் ஆம்ப்ளிஃபையருக்குள். உடம்பு விறைத்து, வாய் பூட்டிக் கிடந்தது. குதிகால் மட்டும் இரும்பு மேசைக் காலில் இடித்து இடித்து, எலும்பு தெரியக் கிழிந்திருந்தது.