ஏழாவது நிபந்தனையும் ஒரு சோடி மேசும்

சென்ற தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கண்டியில் எங்கள் நலன்புரிச் சங்கம் நடத்திய சைக்கிள் சவாரியில், அறுபத்து நான்கு வயதில், நானும் கலந்துகொண்டேன். அம்பிட்டியவில் புறப்பட்டு, நகரைக் கடந்து, ஹந்தானை மலையேறி, மீண்டும் வாவிக்கரைக்கு இறங்க வேண்டும். பத்து மணிக்குள் வந்து சேரும் ஒவ்வொருவர் பெயரிலும் சங்கத் தலைவரான ஹாஜியார் நடக்க முடியாத ஒருவருக்குச் சக்கர நாற்காலி தருவார். என் இலக்கத்துக்கு எதிரே பட்டியலில் இருந்தவர், கூரையிலிருந்து விழுந்து இரண்டு வருடமாக யன்னலோரக் கட்டிலில் கிடக்கும் ஒரு தச்சுத் தொழிலாளி.

நிபந்தனைகளைத் தயாரித்தவன் நான். பிரதேச செயலகத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் இருந்தவனிடம் வெற்றுத்தாளைக் கொடுத்தால் சும்மா விடுவானா? பதினான்கு நிபந்தனைகள் எழுதினேன். முந்திய வருடம் சிலர் சைக்கிளை முச்சக்கர வண்டியில் ஏற்றி மலையேறியிருந்ததால், ஏழாவதை மிகக் கவனமாக எழுதினேன்: 'வழியில் வெளியாரிடமிருந்து எவ்வித உதவியும் பெறுபவர் நீக்கப்படுவார்.' அந்த 'எவ்வித' என்ற சொல்லில் எனக்குத் தனிப் பெருமை.

ஏற்றத்தில் என்னை விட இளையவர்கள் பலர் இறங்கித் தள்ளினார்கள். நான் இறங்கவில்லை. வாசகர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

உச்சியில் அட்டையில் முத்திரை வாங்கும்போதே தூறல் தொடங்கியது. பனிமூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் பாதை தெரியவில்லை. இறங்கத் தொடங்கியதும் குளிர்காற்று விரல்களைப் பிடித்தது. முதல் வளைவில் பிரேக்கை அழுத்தினேன். அழுத்தினேனா இல்லையா என்றே தெரியவில்லை. கால்களைத் தரையில் தேய்த்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்குப் பக்கத்திலிருந்த மண்மேட்டில் மோதித்தான் நின்றேன்.

வாசலில் நின்ற ஒரு பெண் ஓடிவந்தார்.

"ஐயா, கையெல்லாம் நீலமாயிருச்சே! இந்த எறக்கத்துல பிரேக்க எப்புடிப் புடிப்பீங்க? நேரா குளத்துலதான் போய் விழுவீங்க. உள்ள வாங்க."

"வேணாம்மா. யார்கிட்டயும் உதவி வாங்கக் கூடாதுன்னு நிபந்தனை இருக்கு."

"அத எழுதுனவரு பங்களாவுல போத்திக்கிட்டு இருந்து எழுதுனாரு போல."

எழுதியவர் யார் என்று நான் சொல்லவில்லை. இறங்கினால் விழுவேன், நடந்தால் பத்து மணி தாண்டிவிடும். எப்படிப் பார்த்தாலும் அந்த யன்னலோரக் கட்டிலுக்கு நாற்காலி போகாது. உள்ளே போனேன்.

வெதுவெதுப்பான தண்ணீரில் என் கைகளை வைக்கச் சொன்னார். இஞ்சி போட்ட பிளேன்டீ கொடுத்தார். பிறகு தன் கணவருடைய கம்பளி மேசு ஒரு சோடியை என் கைகளில் மாட்டி, மேலே பொலித்தீன் பைகளைக் கட்டிவிட்டார். காலுக்குப் போடுவதைக் கையில் போட்டுக்கொண்டு நான் கண்டி நகருக்குள் இறங்கினேன். பத்து மணிக்கு நான்கு நிமிடம் இருக்கையில் முடிவுக்கோட்டைத் தாண்டினேன். கடைசி ஆள் நான்தான். கைதட்டல் மட்டும் முதல் ஆளுக்குரியது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் ஒரு கையெழுத்துக் குறைந்ததற்காக எத்தனையோ பேருடைய விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியவன் நான். கையை உயர்த்தினேன், மேசு இன்னும் கையில்தான் இருந்தது.

"தலைவர் அவர்களே, ஏழாவது நிபந்தனையை நான் மீறிவிட்டேன்" என்று நடந்ததைச் சொன்னேன்.

ஹாஜியார் தலையில் கைவைத்தார். "என்ன ஸேர், நீங்க எழுதின சட்டத்துல நீங்களே மாட்டிக்கிட்டீங்களே!"

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "நானும் அங்க டீ குடிச்சேன்."

"எனக்கு ஒரு அம்மா சாக்கு தந்தாங்க, போத்திக்க."

"ஓம், நானும்தான். ரொட்டியும் சாப்பிட்டனான்."

ஒருவர் பின் ஒருவராகக் கைகள் உயர்ந்தன. என் 'எவ்வித'த்தின்படி நாற்காலி பெறத் தகுதியான ஒருவர்கூட மிஞ்சவில்லை.

நல்லவேளையாக, எனக்கு நடைமுறை தெரியும். செயற்குழுவின் ஐந்து பேரில் நால்வர் அங்கேயே இருந்தோம். அவசரக் கூட்டம் கூட்டச் சொன்னேன். வாகனத்தில் ஏறுவதை மட்டும் தடைசெய்து, மற்ற உதவிகளுக்கான தடையை அன்று காலையிலிருந்தே நீக்கும் திருத்தத்தை நானே சொல்லச் சொல்ல, செயலாளர் அம்மா முன்மொழிந்தார். என் சொந்த விடயம் என்பதால் நான் வாக்களிக்கவில்லை. மூன்று கைகளும் உயர்ந்தன. தாள் இல்லாததால், கூட்டக் குறிப்பை என் நெஞ்சில் குத்தியிருந்த இலக்கத் துணியின் பின்பக்கத்தில் எழுதினேன்.

அடுத்த வாரம் அந்த மேசுச் சோடியைத் துவைத்து எடுத்துக்கொண்டு ஹந்தானைக்குப் போனேன்.

"அந்தச் சட்டம் என்னாச்சுங்கய்யா?"

"எடுத்தாச்சும்மா."

"எழுதுனவரு ஒத்துக்கிட்டாரா?"

"ஒத்துக்கிட்டாரு."

அவர் சிரித்த சிரிப்பில், ஆளை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார் என்று தெரிந்தது.

தச்சுத் தொழிலாளி இப்போது மாலை நேரங்களில் வாசலுக்கு வந்து, தெருவில் போகிறவர்களை வம்புக்கு இழுக்கிறார். என் வீட்டுச் சுவரில் இருந்த சேவைப் பாராட்டுச் சான்றிதழை இறக்கிவிட்டு, மழையில் மை கலங்கிய அந்த இலக்கத் துணியை மாட்டியிருக்கிறேன். என் கையால் எழுதியவற்றில் யாருக்கும் காட்ட வெட்கப்படாத ஆவணம் எனக்கு அதுதான்.