கோபித்துக்கொள்ளாமல் நடந்தவள்

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குச் சர்க்கரை வியாதி என்று காஞ்சிபுரத்து டாக்டர் ஒருவர் சொன்னார். தினமும் காலையில் கை வீசி நடக்க வேண்டும், பொங்கலுக்குள் குறையாவிட்டால் தினம் ஊசிதான் என்றார். எனக்கு ஊசி என்றால் பாதி உயிர் போய்விடும். நாள் முழுக்கத் தையல் மிஷினில் ஊசியோடு குடித்தனம் நடத்துகிறவள்தான் நான். ஆனால் அது துணியில் இறங்குகிற ஊசி.

"இவ நாளெல்லாம் மிஷினை மிதிச்சிக்கினுதானே கீறா டாக்டரு, அது போதாதா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"மிதிக்கிறது பாதம்தான். உடம்பு உட்கார்ந்துதானே இருக்கு?" என்றார் டாக்டர்.

உத்திரமேரூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் நடக்காதவர் யாரும் இல்லை. ஆனால் எல்லோரும் காரணத்தோடு நடப்பார்கள். தலையில் கூடையோ இடுப்பில் குடமோ இல்லாமல் ஒரு பெண் காலங்காலையில் வெறுங்கையை வீசிக்கொண்டு ரோட்டில் போனால், அதற்கு ஒரே அர்த்தம்தான். புருஷனோடு சண்டை, கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிறாள். போதாக்குறைக்கு, நடக்கத் தோதாக இருந்த ஒரே ரோடு என் தாய்வீடு இருக்கும் காவாந்தண்டலத்துக்குப் போகிற ரோடு.

முதல் நாள் ஒரு மாட்டு வண்டிக்காரர் வண்டியை நிறுத்தினார்.

"யக்கா, எங்க போயிக்கினு கீறே?"

"சும்மாதான் நடக்கிறேன்."

"சும்மா யாராவது நடப்பாங்களா? ஏறிக் குந்து. வூட்டாண்ட வுட்டுட்டு மாமாகிட்ட நானே பேசறேன்."

மறுத்தால் சண்டை பெரியது என்று ஊரெல்லாம் பரவிவிடும். ஏறிக்கொண்டேன். முதல் நாள் நடை வண்டியில் முடிந்தது.

மறுநாள் எனக்காக ஒரு பஸ்ஸே நின்றது. உள்ளே இருந்த பெண்கள் எல்லாம் "ஏறும்மா, அம்மாவைப் பாத்துட்டு வந்தா மனசு ஆறிடும்" என்று கத்தினார்கள். என்னைக் காவாந்தண்டலத்தில் இறக்கிவிட்ட பிறகுதான் அவர்களுக்கு நிம்மதி. வாசல் தெளித்துக்கொண்டிருந்த அம்மா என் வெறுங்கையைப் பார்த்தாள். அவ்வளவுதான், சாணித் தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு ஒப்பாரி வைக்க ஆரம்பித்துவிட்டாள். நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. மதியமே தம்பி என்னைக் கூட்டிக்கொண்டு வந்து என் வீட்டுக்காரர் முன்னால் நிறுத்தினான்.

"மாமா, எங்கக்கா இன்னா தப்பு பண்ணிச்சி?"

"சத்தியமா நான் ஒண்ணும் சொல்லல மாப்ளே. டாக்டருதான் நடக்கச் சொன்னாரு."

"நடக்கறதுக்கு ஒரு டாக்டரா? யார்கிட்ட கதை வுடறே மாமா?"

மறுநாள் விடிந்ததும் வீட்டுக்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். தன் மானத்தைக் காப்பாற்ற அவருக்கு வேறு வழியில்லை. வழக்கப்படி அவர் முன்னால் விறுவிறுவென்று போக, நான் பின்னால் போனேன். நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "ஐயோ பாவம், அவரே கொண்டுபோய் வுடறாரு" என்றாள் ஒருத்தி.

அது காதில் விழுந்ததும் அவர் சட்டென்று நின்று, என் பக்கத்தில் வந்து நடந்தார். பேசாமல் நடந்தாலும் சண்டை மாதிரிதான் தெரிந்தது. வேறு வழியில்லாமல் பேச ஆரம்பித்தார். முதலில் யூரியாவைப் பற்றிச் சொன்னார். அப்புறம் மதகடியில் தண்ணீருக்கு அடித்துக்கொண்ட பங்காளிகள் இருவரைப் போலப் பேசிக் காட்டினார். நான் ரோட்டிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கல்யாணமான நாளாக "சோறு போடு"வுக்கு மேல் பேசாத மனுஷன் இவ்வளவையும் எங்கே வைத்திருந்தாரோ! விடிகாலைக்காக நான் ஏங்க ஆரம்பித்துவிட்டேன். "இந்த வயசுல இன்னா கொஞ்சல்!" என்று ஊர் கேலி பேசியது. பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

பொங்கலுக்கு முன்னால் மறுபடி டாக்டரிடம் போனோம். சர்க்கரை இறங்கியிருந்தது. "ஊசி வேண்டாம்" என்றார். எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. வீட்டுக்காரர் முகம் மட்டும் சுருங்கிவிட்டது.

"அப்ப நடக்கறத நிறுத்திடணுமா டாக்டரு?" என்றார்.

"ஆயுசுக்கும் நடக்கணும்."

வெளியே வந்ததும் பழக்க தோஷத்தில் முன்னால் விறுவிறுவென்று போனார். நாலு கடை தாண்டியதும் நின்றுவிட்டார். காஞ்சிபுரத்தில் எங்களை யாருக்கும் தெரியாது, தப்பாகப் பேசவும் ஆளில்லை. நான் பக்கத்தில் வந்து சேரும்வரை அங்கேயே நின்றிருந்தார்.