குடிக்கிற தண்ணி

எங்கள் ஊரில் தண்ணீருக்கு இரண்டு பெயர். ஒன்று நல்ல தண்ணி, மற்றது உப்புத் தண்ணி. அருப்புக்கோட்டைக்கும் பரளச்சிக்கும் நடுவே, டிரைவர் மனது வைத்தால் மட்டும் பஸ் நிற்கிற ஊர் அது. உப்புத் தண்ணி தெருமுனை அடிபம்பில் வரும். காசு கிடையாது, அளவு கிடையாது, கை வலிக்கிற வரைக்கும் அடித்துக்கொள்ளலாம். நல்ல தண்ணி வாரத்துக்கு இரண்டு முறை டிராக்டர் டேங்கில் வரும். காசைக் கையில் வைத்த பிறகுதான் டியூபைக் குடத்துக்குள் விடுவார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு நடைக்கு ஒரு குடம்தான் வாங்குவோம். அம்மா அருப்புக்கோட்டை நூல் மில்லுக்குப் போனாள். அப்பா விருதுநகரில் மூட்டை தூக்கினார், சனிக்கிழமை ராத்திரிதான் வீட்டுக்கு வருவார். இரண்டு பேர் சம்பளத்துக்கும் அதற்கு மேல் தாங்காது. அந்தக் குடம் அடுப்படி மூலையில், தட்டுப் போட்டு மூடி, தட்டின் மேல் சொம்பு கவிழ்த்து, சாமி மாதிரி உட்கார்ந்திருக்கும். பருப்பு வேக வைக்க அதிலிருந்து ஒரு சொம்பு எடுப்பாள் அம்மா. உப்புத் தண்ணியில் பருப்பு ஏழு ஜென்மத்துக்கும் வேகாது. காய்ச்சல் என்று படுத்தால் ஒரு டம்ளர் கிடைக்கும். தம்பி நடக்கத் தொடங்குகிற வரைக்கும் அவனுக்குக் கிடைத்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்களுக்குக் கிடைக்கும். மற்றபடி நாங்கள் குளித்தது, துவைத்தது, குடித்தது எல்லாம் பம்புத் தண்ணிதான்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. விருந்தாளிகள் மேல் எனக்குத் தீராத பொறாமை. வந்தவர்கள் பாதி டம்ளர் குடித்துவிட்டுக் கீழே வைத்தால், அந்த மிச்சத்தை அம்மா திரும்புவதற்குள் வாயில் ஊற்றிக்கொள்வேன். சிலர் முழுசாகக் குடித்துவிட்டு இன்னொரு டம்ளரும் கேட்பார்கள். அப்படிப்பட்ட சொந்தக்காரர்களை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அவர்கள் எந்த ஊர் என்பதுகூட இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அந்த வருடம் எனக்கு இன்னொரு தொல்லையும் சேர்ந்தது. பால்பல் விழுந்து முளைத்திருந்த முன்பற்களில் காவி ஏறத் தொடங்கியது. நான் ஒழுங்காகப் பல் தேய்ப்பதில்லை என்று அம்மா முடிவே கட்டிவிட்டாள். தினமும் காலையில் உப்பையும் கரியையும் உள்ளங்கையில் வைத்து, ஈறு எரிகிற வரைக்கும் தேய்க்கச் சொல்வாள். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குப் பல் அப்படித்தான் இருந்தது. பாதி வகுப்பும் சோம்பேறிகள் என்றுதான் தாய்மார்கள் எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

அப்படியிருக்கையில் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள். டவுனில் தண்ணீரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்கள் என்றார் பெரிய சார். ஒரு அம்மா, அவரோடு நோட்டும் கையுமாக ஒரு அண்ணன். அந்த அம்மாவுக்கு அன்றே நாங்கள் தண்ணி டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டோம். பள்ளிக்கூடத்துக் குழாயிலிருந்து ஒரு கண்ணாடிக் குழலில் கொஞ்சம் தண்ணீர் பிடித்தார். தன் பையிலிருந்த பாட்டில் தண்ணீரை இன்னொரு குழலில் ஊற்றினார். இரண்டிலும் சிவப்பாக ஏதோ ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். அவருடைய தண்ணீர் ரோஸ் நிறமாகவே நின்றது. எங்கள் தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சளாக மாறியது.

எனக்கு நிலைகொள்ளவில்லை. கண்ணாடி மாதிரி இருந்த தண்ணிக்குள் அந்த மஞ்சள் எங்கே ஒளிந்திருந்தது? மணி அடித்து எல்லோரும் சோற்றுக்கு ஓடினார்கள். நான் டீச்சர் பின்னாலேயே போனேன்.

"கண்ணுக்குத் தெரியாத ஒரு உப்பு இதுல இருக்கும்மா. அது கூடுதலா இருந்தா மஞ்சளாகும்" என்றார்.

"அது எங்கருந்து வருது டீச்சர்?"

"பூமிக்கு அடியில இருக்கிற பாறையில இருந்து."

"பாறைக்கு யாரு உப்புப் போட்டா?"

அவர் சிரித்தார். நோட்டுக்கார அண்ணன் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தார். எதற்காக எழுதுகிறார் என்று அதையும் கேட்டேன். பெரிய சாரிடம் டீச்சர் பேசியபோது பதில் தானாகக் கிடைத்தது. வீடுகளில் குடிக்கிற தண்ணீர் மோசம் என்று தெரிந்தால் இந்த ஊருக்கு மெஷின் வைக்கச் சொல்லி எழுதப்போகிறார்களாம். நன்றாக இருந்தால் மெஷின் அடுத்த ஊருக்குப் போய்விடுமாம். முன்கூட்டி ஊருக்குள் சொல்லி ஆசை காட்ட வேண்டாம் என்றும் டீச்சர் சொன்னார். எனக்குத் தெரிந்த மெஷின் மாவு அரைக்கிற மெஷின் ஒன்றுதான். அது ஏற்கெனவே எங்கள் ஊரில் இருந்தது. அதனால் நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மத்தியானம் அவர்கள் எங்கள் தெருவுக்கு வந்தார்கள்; வழி காட்டப் பெரிய சார் என்னை அனுப்பினார். பத்து வீட்டுக்கு ஆளுக்கொரு பாட்டில் கொடுத்தார்கள், குடும்பத் தலைவர் பெயர் எழுதி ஒட்டியது. அம்மாவுக்கு அன்றைக்கு சாயங்கால ஷிப்ட் என்பதால் வீட்டில் இருந்தாள்.

"உங்க வீட்ல தினமும் குடிக்கிற தண்ணிய இதுல நிறைச்சு வைங்கம்மா. நாளைக்குக் காலையில வந்து வாங்கிக்கிறோம்" என்று ஒவ்வொரு வாசலிலும் டீச்சர் பொறுமையாகச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அவர்கள் தலை மறைந்ததும் பெண்கள் பம்படியில் கூடினார்கள். எதிர்வீட்டுப் பெரியம்மா, அப்பாவுக்கு அண்ணன் மனைவி, எங்கள் தெருவுக்கே தீர்ப்பு சொல்கிறவள்.

"படிச்சவுக வீடு தேடி வந்து ஒரு பாட்டில் தண்ணி கேக்குறாக. அதுல போயி உப்புத் தண்ணியவா ஊத்திக் குடுக்கிறது?" என்றாள் பெரியம்மா. "நாளைக்கு எந்தெந்த ஊர்ல போயி நம்ம பேரச் சொல்லுவாகளோ."

"குடிக்கிற தண்ணின்னுதான கேட்டாக" என்றாள் அம்மா. "குடிதண்ணின்னா நல்ல தண்ணிதேன்."

அதோடு விஷயம் முடிந்தது. யாரும் பொய் சொல்வதாக நினைக்கவில்லை. டீச்சர் எதைக் குடிக்கிறீர்கள் என்று கேட்டார்; எங்கள் அம்மாக்களின் காதில் எது குடிக்கத் தகுந்தது என்று விழுந்தது. கேள்வியும் தமிழ்தான், பதிலும் தமிழ்தான். அம்மா பாட்டிலை இரண்டு முறை அலசி, குடத்தைச் சாய்த்து, ஒரு சொட்டு சிந்தாமல் கழுத்துவரை நிறைத்து, அலமாரியில் காலண்டருக்குப் பக்கத்தில் வைத்தாள். அடுத்த நடை டிராக்டர் வர இரண்டு நாள் இருந்தது. பாட்டிலை நிறைத்ததும் குடம் அநேகமாகக் காலி.

சாயங்காலம் மில் வேன் வந்து அம்மாவை ஏற்றிக்கொண்டு போனது. தம்பி பெரியம்மா வீட்டில் இருந்தான். வீட்டில் நானும் அந்தப் பாட்டிலும்தான். ஒரே ஒரு மடக்கு குடித்தால் யாருக்குத் தெரியும் என்று தோன்றியது. குடித்தேன். அந்தத் தண்ணிக்கு ருசியே இல்லை என்பதுதான் அதன் ருசி. ஒரு மடக்கில் தண்ணீர் கழுத்துக்குக் கீழே இறங்கிவிட்டது, பார்த்தால் தெரிந்துவிடும். சரி, சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன என்று முழுப் பாட்டிலையும் குடித்து முடித்தேன். பிறந்ததிலிருந்து அவ்வளவு நல்ல தண்ணியை ஒரே நேரத்தில் குடித்தது அன்றைக்குத்தான்.

பிறகு பிளாஸ்டிக் குடத்திலிருந்து பம்புத் தண்ணியை மொண்டு பாட்டிலை நிறைத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அப்புறம்தான் அந்தச் சொட்டு மருந்து ஞாபகத்துக்கு வந்தது, அது காட்டிக்கொடுத்துவிடும். பெரியம்மா வீட்டில் கேட்டு நல்ல தண்ணி வாங்கி ஊற்றியிருக்கலாம். பொய் சொல்வானேன், என்ன நிறம் வருகிறது பார்ப்போம் என்ற ஆசை பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. மூடியைத் திருகி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை காலையில் ரேஷன் கடை வாசலில் பத்துப் பாட்டிலும் வரிசையாக நின்றன. பத்து வீட்டுப் பெண்களும் சுற்றி நின்றார்கள். அம்மா தம்பியை இடுப்பில் வைத்திருந்தாள். டீச்சர் ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக் குழலில் ஊற்றி மருந்து விட்டார். முதல் வீடு ரோஸ். இரண்டாம் வீடு ரோஸ். பெரியம்மா வீடும் ரோஸ், பரீட்சையில் தேறியவள் மாதிரி அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். டீச்சர் முகத்தில்தான் தெளிவில்லை. பள்ளிக்கூடத்தில் அப்படி மஞ்சளான ஊரில் இது எப்படி என்று அண்ணனிடம் கேட்டார். அண்ணன் நோட்டைப் புரட்டினார். ஏழாவது குழல் எங்களுடையது. மருந்து விழுந்தது, பளிச்சென்று மஞ்சளானது.

எனக்கு ஒரு கணம் சந்தோஷமாகவே இருந்தது, மஞ்சள் எங்கள் வீட்டுத் தண்ணியிலும் ஒளிந்திருந்தது என்று. அடுத்த கணம் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "கொடத்தைக் கழுவுற பழக்கமே இல்லபோல." அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. என்னைப் பார்த்தாள். பார்த்த பார்வையிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"புள்ள எதையோ மாத்தி ஊத்திருச்சு டீச்சர். செத்த நில்லுங்க, நான் வேற நல்ல தண்ணி கொண்டாரேன்" என்றாள் அம்மா. குடத்தின் அடியில் அரைச் சொம்புகூட இல்லை என்பது எனக்குத் தெரியும்.

டீச்சர் அவளை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "என்னம்மா பண்ணுன?"

"நல்ல தண்ணிய நான் குடிச்சிட்டேன் டீச்சர். அதுக்குப் பதிலா எங்க தண்ணிய ஊத்திட்டேன்."

"எங்க தண்ணின்னா?"

"நாங்க குடிக்கிறது."

டீச்சர் என் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார். பிறகு அம்மாவின் இடுப்பிலிருந்த தம்பியைப் பார்த்தார்.

"இவன் எதைக் குடிக்கிறான்?"

அம்மா தம்பியை இன்னொரு பக்கத்து இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"இவ பல்லுல இருக்கிறது தேய்க்காததால வந்த கறை இல்லம்மா. தண்ணியால வந்தது. இவனுக்குப் பெரிய பல்லு இப்பத்தான் உள்ளுக்குள்ள உருவாகிட்டு இருக்கும். இதையே குடிச்சா இவனுக்கும் இப்படித்தான் வரும். பல்லோட நிக்காம எலும்புக்கும் போகலாம்."

"நான் உப்ப வச்சுத் தேய்க்கச் சொன்னேன் டீச்சர். தெனமும் சொன்னேன்" என்றாள் அம்மா. பிறகு தெருவையே பார்க்காமல், தம்பியின் தலையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நாங்க பம்புத் தண்ணிதேன் குடிக்கிறோம். காசு குடுத்து எல்லாருக்கும் நல்ல தண்ணி வாங்க எங்களுக்கு ஏலல."

எங்கள் தெருவில் எல்லோருக்கும் அது தெரியும், எல்லோர் வீட்டிலும் அதுதான் கதை. ஆனாலும் வாய்விட்டு ஒருத்தி சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். பெரியம்மா தொண்டையைக் கனைத்தாள்.

"அவ மட்டுமா குடிக்கா? நாங்க எல்லாந்தேன்" என்று சொல்லித் தன் பாட்டிலை எடுத்தாள். அதைத் தரையில் ஊற்றிவிடுவாள் என்று அண்ணன் பதறிக் கையை நீட்டினார். அவருக்கு எங்கள் ஊரைத் தெரியவில்லை. பெரியம்மா அண்ணாந்து அத்தனை தண்ணியையும் தன் வாயிலேயே ஊற்றிக் குடித்து முடித்தாள். காலிப் பாட்டிலோடு பம்படிக்கு நடந்தாள். மற்றவர்கள் சிலர் குடித்தார்கள், சிலர் வீட்டுக்கு ஓடிக் குடத்திலேயே திரும்ப ஊற்றிவிட்டு வந்தார்கள். அரைமணி நேரத்தில் பத்துக் குழலும் மஞ்சளாக நின்றன. அண்ணன் முதல் பக்கத்தை அடித்துவிட்டு வேறு பக்கத்தில் எழுதினார்.

மெஷின் வந்தது. உடனே வரவில்லை, நான் ஏழாம் வகுப்புப் போன பிறகு வந்தது. மாவு மெஷின் இல்லை, உப்பைப் பிரித்தெடுக்கிற தண்ணி மெஷின். டிராக்டர்காரர் வாங்கியதில் கால்வாசிக் காசுக்கு ஒரு குடம். கோடையில் மாதக்கணக்கில் ரிப்பேராகி நிற்கும், அப்போது டிராக்டர்காரர் மறுபடியும் ராஜாவாகிவிடுவார். அன்றிலிருந்து குடத்து நல்ல தண்ணியே குடித்த தம்பிக்குப் பற்கள் வெள்ளையாகத்தான் முளைத்தன, ஓரத்தில் லேசாக ஒரு கீற்றைத் தவிர.

நான் சொல்ல வந்தது அதுவல்ல, பத்துக் குழலும் மஞ்சளான அன்றைக்கு மத்தியானம் நடந்தது. எல்லோரும் போன பிறகு அம்மா என்னை அடிக்கப்போகிறாள் என்று கதவோரமாக நின்றேன். அவள் அடிக்கவில்லை. அடுப்படிக்குப் போய்க் குடத்தை நன்றாகச் சாய்த்து, அடியில் கிடந்த நல்ல தண்ணியை எல்லாம் ஒரு டம்ளரில் வடித்தாள். என் முன்னால் வந்து உட்கார்ந்து நீட்டினாள்.

"குடி" என்றாள்.

இது ஏதோ பரீட்சை என்று எனக்குப் பட்டது. இந்த முறை தப்புப் பண்ணக்கூடாது, அம்மா மனம் குளிர்கிற மாதிரி நடந்துகொள்ள வேண்டும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"வேணாம்மா. எனக்கு உப்புத் தண்ணியே பிடிக்கும். இது வர்றவுகளுக்கு இருக்கட்டும்."

அம்மா டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். தேறிவிடுவாள் என்று நினைத்து, இனிமேல் சத்தியமாக நல்ல தண்ணியைத் தொடவே மாட்டேன் என்று இன்னும் கொஞ்சம் நல்ல பிள்ளையாகச் சொன்னேன். அவள் அழுகை கூடியது. நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவே இல்லை.