மங்குஸ்தான் வாங்க இறங்கிய வாப்பா

எங்கள் வீட்டில் கொழும்பைப் பார்த்திருந்தவர் வாப்பா ஒருவர்தான். கல்முனையில் அவருக்கு இரும்புக் கடை. ஆணி, பிணைச்சல், பெயின்ட், தண்ணீர்க் குழாய் என்று சரக்கு எடுக்க அடிக்கடி கொழும்புக்குப் போவார். திரும்பி வந்த நாளில் சோற்றுப் பீங்கானுக்கு முன்னால் இருந்தபடி கொழும்பை எங்களுக்கு அளந்து காட்டுவார். அங்கே கட்டடங்களின் உச்சியைப் பார்த்தால் தலையிலிருக்கும் தொப்பி பின்னால் விழுந்துவிடும். சிங்களம் தெரியாதவன் ஒரு தேத்தண்ணிகூட வாங்கிக் குடிக்க முடியாது.

"எனக்கென்ன, நான் அவங்களோட ஊத்துத் தண்ணி மாதிரிக் கதைப்பன்" என்பார்.

உம்மா கறிச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். ஓம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார்.

வாப்பாவின் கொழும்பு புறக்கோட்டையில் இரண்டு தெருவுக்குள் முடிந்துவிடுகிறது என்பதும், அந்தத் தெருக்களில் கடை வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் தமிழ் பேசுகிறவர்கள் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. நான் நாலாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு மூத்தவனான காக்காவுக்கு மீசை அரும்பத் தொடங்கியிருந்தது. நோன்புப் பெருநாள் முடிந்து பாடசாலை திறப்பதற்குள் எங்களையும் உம்மாவையும் கொழும்பு பார்க்கக் கூட்டிப்போவதாக வாப்பா அந்த வருடம் சொன்னார், சொன்னபடியே செய்தும்விட்டார்.

மட்டக்களப்புவரை பஸ். அங்கிருந்து ரயில். யன்னலோரம் எனக்குத்தான் என்று காக்காவோடு சண்டை பிடித்து வாங்கிக்கொண்டேன். வாகரைக் காடா, வெலிக்கந்தைக் காடா என்று தெரியாமல் வெளியே ஓடிய எல்லாக் காட்டிலும் யானை தேடினேன். வாப்பா ஒவ்வொரு ஸ்டேசனின் பெயரையும் பலகை வருவதற்கு முன்பே சொன்னார். சிலது சரியாகவும் இருந்தது.

கொழும்பில், வாப்பாவுக்குச் சரக்குக் கொடுக்கும் முதலாளியின் வீட்டு மேல்மாடியில் தங்கினோம். மறுநாள் சிவப்புப் பள்ளிவாசலைப் பார்த்தோம். அது மாதுளம்பழத்தை வெட்டி அடுக்கிக் கட்டியதுபோல இருந்தது. காலிமுகத்திடலில் காற்றாடி விட்டோம். அரசர் காலத்துச் சாமான்கள் இருக்கும் நூதனசாலையைப் பார்க்க வேண்டும் என்று காக்கா கேட்டபோதுதான் வாப்பாவின் சிங்களத்தை முதன்முதலாகக் கேட்டோம். ஓட்டோக்காரரிடம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். அவர் திருப்பிக் கேட்டதற்கெல்லாம் "ஹரி ஹரி" என்றார், சரி சரி என்று. ஓட்டோ ஒரு பெரிய வெள்ளைக் கட்டடத்தின் முன்னால் எங்களை இறக்கிவிட்டுப் போனது.

"இதுதான் நூதனசாலை. இண்டைக்குப் பூட்டு" என்றார் வாப்பா.

காக்கா பலகையில் இருந்த தமிழை எழுத்துக்கூட்டி வாசித்தான். "மாநகர சபை எண்டெல்லோ போட்டிருக்கு?"

"அதுவும் இதுவும் ஒண்டுதான்டா."

உம்மா முக்காட்டின் நுனியால் வாயை மூடிக்கொண்டார். பிறகு, "எனக்குக் கால் நோகுது, அந்தப் பூங்காவுல கொஞ்சம் இருந்துட்டுப் போவம்" என்றார். இருந்தோம். ஐஸ்கிரீம் தின்றோம். அந்தக் கட்டடத்தின் முன்னால் நாங்கள் எடுத்த படத்தை நூதனசாலைப் படம் என்றே நான் நீண்ட காலம் எல்லோருக்கும் காட்டிவந்தேன்.

அடுத்த நாள்தான் காலிக் கோட்டை பார்க்கப் போனது. கடலோரமாகப் போகும் ரயில். தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவில் சில இடங்களில் கற்கள் மட்டும்தான் இருந்தன. அலை சிதறி யன்னலுக்குள் தெறித்தது. சனம் நிறைந்து வழிந்தது. உம்மாவுக்கும் எனக்கும் மட்டும் ஓர் இருக்கை கிடைத்தது. காக்கா வாப்பாவின் போனை வாங்கி வாசலோரம் நின்று கடலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

களுத்துறையில் ரயில் நின்றது. மேடையின் கோடியில் ஒருவர் கூடையில் மங்குஸ்தான் விற்றுக்கொண்டிருந்தார். வாப்பாவின் கண் அதில் விழுந்துவிட்டது.

"களுத்துறை மங்குஸ்தான் தின்னாம ஊருக்குப் போனா ஆக்கள் சிரிப்பாங்க" என்றார்.

"வேணாம், கோச்சி வெளிக்கிட்டிரும்" என்றார் உம்மா.

"நான் ஒரு சொல்லுச் சொன்னா நிப்பாட்டி வைப்பானுகள்" என்று சொல்லிவிட்டு வாப்பா இறங்கினார்.

கூடைக்காரரோடு அவர் விலை பேசுவது யன்னல் வழியாகத் தெரிந்தது. அவருடைய கைகள் ஆடின, கூடைக்காரருடைய கைகளும் ஆடின. அப்போது ரயில் ஊதியது. வாப்பா திரும்பிப் பார்த்தார். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தார். பருத்த மனிதர், சாரனும் உடுத்திருந்தார். இரண்டு மூன்று பழங்கள் பையிலிருந்து விழுந்து மேடையில் உருண்டன. வாசல்களில் எல்லாம் ஆட்கள் தொங்கினார்கள். யாரோ கை நீட்டினார்கள், எட்டவில்லை. கடைசியாக நான் பார்த்தது, மேடையின் நுனியில் வாயைத் திறந்தபடி நின்ற வாப்பாவை.

"வாப்பா!" என்று கத்திக்கொண்டு காக்கா குதிக்கப் பார்த்தான். உம்மா பாய்ந்து அவனுடைய சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்தார். வாப்பாவின் போன் காக்காவின் கையில் இருந்தது. எங்கள் டிக்கட்டுகள் வாப்பாவின் சட்டைப் பையில் இருந்தன. நான் அழத் தொடங்கினேன். இனி வாழ்நாளெல்லாம் வாப்பா களுத்துறையில்தான் இருப்பார் என்று எனக்குப் பட்டது.

உம்மா முக்காட்டைச் சரி செய்துகொண்டு வாசலோரம் நின்றவர்களைப் பார்த்து வாயைத் திறந்தார். வந்தது சிங்களம்.

ஒரு சொல் இரண்டு சொல் அல்ல. வாப்பாவைப்போலக் கையை ஆட்டி நிரப்பிக்கொள்ளவும் இல்லை. தடுக்காமல், வேகமாக, ஊரில் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு மதிலுக்கு மேலால் கதைப்பதைப்போலக் கதைத்தார். நான் அழுகையை நிறுத்திவிட்டேன். காக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வாசலில் நின்ற ஒருவர் உடனே ஆட்களை விலக்கிக்கொண்டு எங்களுக்காக ரயில் கார்டைத் தேடிப் போனார்.

அடுத்து ரயில் நின்ற அளுத்கமயில் எங்களை இறக்கினார்கள். ஸ்டேசன் மாஸ்டரிடமும் உம்மாவே கதைத்தார். அவர் சிரித்துவிட்டு, களுத்துறைக்குப் போன் போட்டார். அவர் ஏன் சிரித்தார் என்பதை உம்மா பல வருடங்களுக்குப் பிறகு சொன்னார். "கணவர்" என்பதற்கு உரிய சொல் அவசரத்துக்கு வாயில் வரவில்லையாம். "இந்தப் பிள்ளைகளுடைய அப்பா பழம் வாங்கப் போய்த் தொலைந்துவிட்டார்" என்று சொன்னாராம்.

வாப்பாவை அடுத்த ரயிலில் ஏற்றிவிடுவதாகக் களுத்துறையிலிருந்து சொல்லிவிட்டார்கள். மேடை வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தோம். பக்கத்தில், மாத்தறைக்குப் போகும் ஒரு வயதான சிங்களப் பெண் துணிப்பையோடு இருந்தார். அவர் எங்கள் இருவருக்கும் கொக்கிஸ் பலகாரம் தந்துவிட்டு, உம்மாவிடம் ஏதோ கேட்டார். அவ்வளவுதான். ரயில் வரும்வரை இருவரும் நிறுத்தவில்லை.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அம்பாறை" என்ற ஊர்ப்பெயர் மட்டும் விளங்கியது. உம்மாவின் வாப்பா, சிங்களவர் நிறைந்த அம்பாறை டவுனில் புடைவைக் கடை வைத்திருந்தார் என்பதும், இனப் பிரச்சினைக் காலத்தில் கடையைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு ஒரே நாளில் கல்முனைக்கு வந்துவிட்டார்கள் என்பதும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்கு மேல் அந்தக் கதையை யாரும் சொல்வதில்லை. "குசுமா" என்ற பெயரும் திரும்பத் திரும்ப வந்தது. அந்தப் பெயர் வரும்போதெல்லாம் உம்மா சிரித்தார். அது வீட்டில் நாங்கள் கேட்டறியாத சிரிப்பு, கீச்சென்று, தோளைக் குலுக்கிக்கொண்டு. அவருடைய குரலே மெலிந்து மேலே போயிருந்தது. எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. உம்மாவுடைய சீலையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பெண் எழும்பும்போது உம்மாவின் கன்னத்தைத் தடவி "துவ" என்றார். மகள் என்று அர்த்தமாம். எங்களுடைய உம்மாவை ஒருவர் மகள் என்று கூப்பிடுவது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

வாப்பா வந்து இறங்கினார். சட்டை முழுக்க வியர்வை. பை பாதியாகக் குறைந்திருந்தது. ஸ்டேசன் மாஸ்டர் அவரிடம் சிங்களத்தில் நீளமாக ஏதோ சொன்னார். வாப்பா "ஹரி ஹரி" என்றார். பிறகு எங்களிடம் வந்து என்னைத் தூக்கிக்கொண்டு, "இவங்களோட ஆரு கதைச்ச?" என்று கேட்டார்.

"உம்மா" என்றான் காக்கா.

வாப்பா உம்மாவைப் பார்த்தார். "மறந்து போச்செண்டு சொன்னியேகா?"

"நானும் அப்பிடித்தான் நினைச்சிட்டிருந்தன்" என்றார் உம்மா.

வாப்பா பையைத் திறந்து, நசுங்காத பழமாகப் பார்த்து உம்மாவின் கையில் கொடுத்தார்.

காலிக் கோட்டை வாசலில் நாங்கள் வழி தெரியாமல் நின்றபோது வாப்பா மெதுவாக, "நீயே கேளன்கா" என்றார்.

"நீங்க கேளுங்க. உங்களுக்குத்தானே எல்லாம் பழக்கம்" என்றார் உம்மா.

வாப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, தொழுகைத் தொப்பி போட்ட ஒருவரிடம் தன் சிங்களத்தில் கடலோரத்து வெளிச்சவீடு எங்கே என்று கேட்டார். அவர் பொறுமையாக முழுவதையும் கேட்டுவிட்டு, "இப்பிடியே நேரா போங்க நானா, பள்ளிவாசலுக்கு முன்னுக்கு" என்று தமிழில் சொன்னார். வாப்பா சிரித்த சிரிப்பில் நாங்களும் சிரித்தோம்.

கோட்டை மதிலின் மேல் இருந்து, கடலைப் பார்த்தபடி மங்குஸ்தான் தின்றோம். விரலெல்லாம் ஊதாக் கறை. நான் உம்மாவின் மடியில் சாய்ந்துகொண்டு கேட்டேன்.

"உம்மா, குசுமா ஆரு?"

"பக்கத்து ஊட்டுப் புள்ள. ரெண்டு பேரும் ஒண்டாத்தான் விளையாடுற."

"இப்ப எங்க இரிக்கா?"

"தெரியா மகள்."

"அடுத்த முறை கோச்சியில வரக்குள்ள அவவையும் கூட்டிட்டு வருவமா?"

உம்மா விரல்களைத் துடைத்துக்கொண்டார். என் தலையை இரண்டு மூன்று முறை தடவினார். வாப்பா கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் மகள், கூட்டிட்டு வருவம்" என்றார் உம்மா.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கொழும்புக்குத் திரும்பும் வழி முழுக்க, குசுமாவுக்கு யன்னலோரத்தைக் கொடுப்பதா, பாதி வழி அவளும் பாதி வழி நானுமாக இருப்பதா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அவளுக்கு என் வயதுதான் இருக்கும், சட்டையும் இரட்டைப் பின்னலுமாக ஒரு வாசலில் நிற்பாள், நாங்கள் போனால் உடனே ஓடிவந்து ஏறிக்கொள்வாள் என்று நினைத்திருந்தேன். உம்மா அவளைப் பற்றிக் கதைத்த குரலை வைத்து வேறு எப்படி நினைக்க எனக்குத் தெரியும்?