கூடவே இருக்கும் நேரம்

ருக்மிணி இருபத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரி வார்டுகளில் நர்ஸாக இருந்தாள். முழங்கால் வலி பொறுக்க முடியாமல் போனதும், 1997இல் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் சேர்ந்தாள். மறதி நோய் வந்தவர்களை வீட்டில் போய்ப் பார்த்து ஒரு படிவம் நிரப்ப வேண்டும். குளிக்கிறாரா, உடுத்துகிறாரா, தானே சாப்பிடுகிறாரா. அதை வைத்துத்தான் வீட்டுக்கு வரும் உதவியாளுக்கு எத்தனை மணி நேரத்துக்குப் பணம் தருவது என்று கம்பெனி முடிவு செய்யும்.

பிளெய்ன்ஸ்பரோ என்ற அமெரிக்கச் சிற்றூரில் ஓர் அபார்ட்மென்ட்டில் திருமூர்த்தியைப் பார்த்தாள். மருந்துக் கம்பெனி லேபில் முப்பது வருடம் வேலை பார்த்த உடுமலைப்பேட்டைக்காரர். சட்டைப் பொத்தான்களை அழகாகப் போட்டார். காபிகூடக் கலந்து கொடுத்தார். எல்லாவற்றுக்கும் 'முடிகிறது' என்று குறித்துவிட்டு வந்தாள். பத்து நாளில் கம்பெனியின் கடிதம் போயிற்று: தினமும் ஆறு மணி நேரமாக இருந்த உதவி இனி இரண்டு மணி நேரம்.

அவர் மனைவி பவளம் போன் செய்தார்.

"அக்கா, நான் பார்த்ததைத்தான் எழுதினேன்" என்றாள் ருக்மிணி.

"தப்புன்னு சொல்லலீங்க அம்மிணி. அவரு எல்லாம் பண்ணுவாருங்க. எப்ப பண்றாரு, எதுக்குப் பண்றாருங்கறதுதான் பிரச்சனை. நான் அப்பீல் பண்ணியிருக்கேன். மறுபடி நீங்கதான் வருவீங்களாம். வந்தா ஒரு மத்தியானம் பூரா இருங்க. நான் வெளிய போயிடறேன்."

அக்டோபர் கடைசி. காலையில் இறங்கிய பனிமூட்டம் மத்தியானமாகியும் விலகவில்லை. பவளம் சொன்னபடியே கிளம்பிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் திருமூர்த்தி ஷூவைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கோட்டு மாட்டி, கதவைத் திறந்து வெளியே நடந்தார். ருக்மிணி பின்னாலேயே ஓடினாள்.

"எங்க சார் போறீங்க?"

"லேபுக்கு. வாங்களேன், பேசிட்டே போலாம்."

ஒரே மாதிரியான கட்டடங்கள் பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்து மறைந்தன. மேப்பிள் இலைகள் ஈரத்தில் சத்தமில்லாமல் மிதிபட்டன. அவர் மெல்லிய குரலில் பேசிக்கொண்டே வந்தார்.

"பிளாஸ்க்ல பார்த்தா வெறும் தண்ணியாட்டத்தான் தெரியும். அசைக்காம விட்டுடணும். எங்கிருந்தோ ஊசியாட்டம் ஒரு கிரிஸ்டல் வரும், வெள்ளையா. அதைப் பிடிச்சுட்டு இன்னொண்ணு. பார்த்துட்டே இருக்கறப்ப பூரா பூத்துடும். அதுக்குச் சத்தமே கிடையாதுங்க."

ருக்மிணியின் கண்முன் அந்த வெள்ளை பூத்துக்கொண்டிருந்தது. முழங்கால் வலி நினைவில்லை. எதற்காக வந்தோம் என்பதும் நினைவில்லை. இப்படிப் பேசிக்கொண்டே யாருடனும் நடந்து வெகுகாலமாகியிருந்தது.

அவர் காலை எடுத்துப் பெரிய ரோட்டில் வைத்தபோதுதான் ஹாரன் சத்தம் கேட்டது. ருக்மிணி கோட்டைப் பற்றி இழுத்தாள். ஒரு லாரி அவர்களை ஒட்டிப் போனது. போன பிறகும் கோட்டை அவள் விடவில்லை. அவர் முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை.

"தேங்க்ஸுங்க" என்றார் மரியாதையாக. "நீங்களும் லேபுக்குத்தானா?"

திரும்பி வந்து படிவத்தை எடுத்தாள். எல்லாப் பதிலும் போன முறை மாதிரியேதான் வந்தது. பின்பக்கம் திருப்பி நடந்ததைக் கையால் எழுதினாள். பக்கத்தில் நர்ஸான நான் இருந்தும் அவர் ரோட்டில் இறங்கினார் என்பதையும் மறைக்காமல் எழுதினாள். அவள் மேலதிகாரி அதை இரண்டு தடவை படித்துவிட்டு, இதை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது என்று கேட்டாள்.

"கட்டம் இல்லை. அதனாலதான் பின்பக்கம் எழுதினேன்" என்றாள் ருக்மிணி.

மூன்று வாரம் கழித்து ஐந்து மணி நேரம் அனுமதித்தார்கள். "போச்சாதுங்க அம்மிணி, ஆறு இல்லாட்டியும் அஞ்சாவது கெடைச்சுதே" என்று பவளம் போனில் அழுதார்.

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் வீட்டுக்காரர்களை வெளியே அனுப்பிவிட்டு நோயாளியின் கூடவே ஒரு மணி நேரம் இருந்து பார்த்தாள் ருக்மிணி. வேலை மெதுவாக நடக்கிறது என்று ஆபீசில் இரண்டு முறை கூப்பிட்டுச் சொன்னார்கள். அவள் மாற்றிக்கொள்ளவில்லை.

அடுத்த வருடம் அவள் மறுபடி போனபோது திருமூர்த்திக்குச் சட்டை போடத் தெரியவில்லை. ஸ்பூனை எந்தப் பக்கம் பிடிப்பது என்றும் தெரியவில்லை. படிவத்தில் வரிசையாக 'முடியவில்லை' என்று விழுந்தது. கம்பெனி ஒரு கேள்வியும் கேட்காமல் எட்டு மணி நேரம் கொடுத்தது. அன்று எழுதி முடித்த பிறகும் ருக்மிணி எழுந்திருக்கவில்லை. சோபாவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, வெயில் தரையில் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.