பச்சை அடிக்குது

கார் சீட்டுத் துணியின் நிறத்தை வீட்டிலேயே மாற்றப் போகிறேன் என்று சொன்னபோது என் கணவர் நம்பவில்லை. வேலூரில் அரை நாளில் உறை மாட்டிக் கொடுப்பார்கள் என்றார். உறைக்கு அடியில் கறை அப்படியே இருக்குமே என்றேன்.

"கண்ணுக்குத் தெரியாது இல்ல. அது போதாதா?"

நாங்கள் வாங்கியிருந்தது பழைய கார். முன் சீட்டுகள் வெளிர் சாம்பல். முன்பு வைத்திருந்தவர் டீ குடித்துக்கொண்டே ஓட்டுகிறவராக இருந்திருக்க வேண்டும். ஓட்டுகிறவர் உட்காரும் சீட்டு முழுக்கப் பழுப்புத் திட்டுகள். ஷாம்பு போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

எதிர்பாராமல் மாமியார் என் பக்கம் பேசினார். "செய்யட்டும் விடுடா. நான் கலர் சொல்றேன்."

அத்தை கலர் சொன்னால் எங்கள் தெருவில் மறுபேச்சு கிடையாது. வீட்டில் நான்கு பட்டுத் தறிகள் ஓடுகின்றன. புடவையின் உடம்புக்கு என்ன நிறம், பார்டருக்கு என்ன நிறம் என்று முடிவு செய்வது அவர்தான். கணக்கு, வரவு, கடைகளோடு பேச்சு எல்லாம் கணவர் பார்த்தாலும் நிறத்தில் அவர் வாய் திறக்க மாட்டார். பக்கத்துத் தறிக்காரர்களும் சாயம் போட்ட நூலைக் கொண்டுவந்து, "அக்கா, ஒரு பார்வை பாத்துடுங்க" என்று வாசலில் நிற்பார்கள். நான் கண்ணமங்கலத்தில் நெல் விளைகிற வீட்டில் வளர்ந்தவள். கல்யாணத்துக்கு முன் எனக்குப் பச்சை ஒன்றுதான். இங்கே வந்த பிறகுதான் கிளிப்பச்சைக்கும் இலைப்பச்சைக்கும் சண்டை வரும் என்று தெரிந்தது.

சீட்டுக்கு அத்தை சொன்னது சங்குப்பூ நீலம். "பச்சை துளி கூட அடிக்கக் கூடாதும்மா. அடிச்சா அது வேற கலரு." ஒரு நிறத்தில் இன்னொன்றின் சாயல் தெரிவதைத்தான் இங்கே அடிக்கிறது என்பார்கள்.

பட்டுக்குப் போடுகிற சாயம் இதற்கு உதவாது. சீட்டுத் துணி பாலியெஸ்டர், அதில் சாயம் ஏற நல்ல கொதி வேண்டும், சீட்டை அண்டாவில் போட்டுக் கொதிக்க வைக்க முடியாது. அதனால் துணிக்கென்று விற்கும் பெயிண்டைத் தண்ணீராக இளக்கி, பூவாளி போலத் தெளிக்கும் பாட்டிலில் ஊற்றிக்கொண்டேன். கதவு, பெல்ட், பிளாஸ்டிக் எல்லாவற்றுக்கும் டேப் ஒட்டினேன். முதலில் சீட்டின் அடியில் யாரும் பார்க்காத இடத்தில் தெளித்துப் பார்த்தேன். பிறகு மெல்லிய பூச்சு, ஈரம் காயும் முன் நைலான் பிரஷ்ஷால் தேய்ப்பு, இல்லாவிட்டால் துணி அட்டை போல விறைத்துவிடும். காய்ந்ததும் முடி உலர்த்தும் கருவியால் சூடு. மறுபடியும் பூச்சு.

நன்றாகவே வந்தது என்று நினைத்தேன். அத்தை வந்து குனிந்து பார்த்தார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார்.

"பச்சை அடிக்குது."

என் வேலை மென்பொருளில் பிழை தேடுவது. சந்தேகத்துக்கு உரியதை எல்லாம் வரிசையாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பேன். ஒரே சமயத்தில் இரண்டை மாற்ற மாட்டேன். இங்கேயும் அப்படியே செய்தேன். முதல் சந்தேகம் டீக்கறை மேல். அடியில் மஞ்சள், மேலே நீலம், சேர்ந்தால் பச்சைதானே. கறையே இல்லாத பக்கத்துச் சீட்டுக்கு அதே பெயிண்டை அடித்துக் காட்டினேன். அதிலும் பச்சை அடிக்கிறது என்றார். அடுத்தது வெளிச்சம். வேப்ப மரத்தின் கீழிருந்து காரை வெட்டவெளிக்கு நகர்த்தினேன். அங்கேயும் அப்படித்தான். பெயிண்டில் கோளாறோ என்று வேறு கடையில் வேறு டப்பா வாங்கினேன். "முன்னதுக்கு இது தேவல. ஆனா நீலம் பத்தல" என்றார்.

நீலம் சேர்த்தேன். பிறகு இன்னும் சேர்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்ததில் எனக்கும் சில நேரம் பச்சை தெரிவது போலிருந்தது. மடிக்கணினித் திரையில் நீலக் கட்டம் ஒன்றைத் திறந்து வைத்து, அதையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். இரண்டில் எது பொய் சொல்கிறது என்று புரியவில்லை.

என் கணவர் கதவைத் திறந்துவிட்டு அப்படியே நின்றார். "என்னா இது, இங்க் பாட்டில் கவுந்த மாதிரி கீது?"

"அத்தைக்கு இன்னும் பச்சை தெரியுதாம்."

"அப்போ சரி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் கண்ணால் பார்த்ததை அவரே நம்பவில்லை. நானும் என் கண்ணை நம்பவில்லை. என் வரிசையில் கறை இருந்தது, வெயில் இருந்தது, டப்பா இருந்தது. அத்தையின் கண்ணை அதில் சேர்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த வாரம்தான் சாயக்காரர் நூலோடு வந்தார். சந்தவாசல் பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்கு முகூர்த்தப் புடவை, அதுவும் சங்குப்பூ நீலம். ஏற்கெனவே ஒரு முறை அத்தை திருப்பி அனுப்பியிருந்த நூல். அவர் வாசலில் விரித்துக் காட்டினார். அத்தை தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"பச்சை அடிக்குதுப்பா. இன்னும் நீலம் ஏத்து."

"அக்கா, இதுக்கு மேல ஏத்தினா கத்திரிப்பூ ஆயிடும். பேஜார் ஆயிடும்க்கா. பொண்ணு வீட்டுல என்னத்தான் கேப்பாங்க."

"ஏத்துன்னா ஏத்து."

அவர் நூலைச் சுருட்டிக்கொண்டே என் நீலம் படிந்த கைகளைப் பார்த்தார். "நீங்க கார்ல இன்னா சாயம் போட்டீங்கன்னு சொல்லுங்கம்மா. அதையே ஊத்திடறேன். அதுலயாவது அக்காவுக்குப் பிடிக்குதா பாக்கலாம்."

அத்தை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நூல் என் கண்ணுக்கு நல்ல நீலமாக இருந்தது. அது பட்டு, இது பாலியெஸ்டர். அது சாயம், இது பெயிண்ட். இரண்டிலும் ஒரே குறை. இரண்டுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே கொல்லைக்குப் போனேன். வேலியில் சங்குப்பூ பூத்திருந்தது. ஒன்றைப் பறித்துக்கொண்டு வந்து கார் கதவைத் திறந்து சீட்டின் மேல் வைத்து, அத்தையைக் கூப்பிட்டேன்.

அவர் வெகுநேரம் பார்த்தார்.

"பூவே பச்சை அடிக்குதேம்மா" என்றார்.

அவர் புடவையை ஒதுக்கிக்கொண்டு காருக்குள் ஏறி உட்கார்ந்தார். என்னையும் மறுபக்கம் வந்து உட்காரச் சொல்லி, கதவுகளைச் சாத்தச் சொன்னார்.

"நீ பாக்கறப்போ பூ இன்னா கலரு? சும்மா சொல்லு."

"நீலம்ங்க அத்தை."

"பச்சையே இல்லியா?"

"காம்புல மட்டும்தாங்க."

அவர் பூவைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். "பொங்கலுக்கு வெள்ளை அடிச்சப்போவே சுவரு பழசாவே தெரிஞ்சிது. சுண்ணாம்பு சரியில்லன்னு அடிச்சவன திட்டினேன்." பூவைச் சீட்டின் மேல் வைத்தார். "நீ சீட்டுக்கு அடிக்கறேன்னதும் சரின்னேன் பாரு, அது இதுக்குத்தான். சீட்டு கலர் தப்பானா யாரும் கேக்க மாட்டாங்க. அதுல என் கண்ண பாத்துக்கலாம்னு நெனச்சேன். நீ ஒவ்வொரு தரமும் மாத்திகினே வந்துட்ட. எனக்கு எதுவும் பிடிபடல. இவ அடிக்கறது தப்பா, நான் பாக்கறது தப்பான்னு."

நான் எதை மாற்றினாலும் அவருக்கு அதே பச்சை. அவர் எதைச் சொன்னாலும் எனக்கு மேலும் நீலம். அவர் சீட்டை வைத்துத் தன் கண்ணைச் சோதித்தார், நான் அவர் கண்ணை வைத்துச் சீட்டைச் சோதித்தேன்.

"வெளிய தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தன் நூலக் காட்ட மாட்டான்மா" என்றார். பயந்த குரல் அது. பிறகு உடனே, "சாயக்காரனுக்கு ஜல்தி போன் போடு. நூலத் தொடாதன்னு சொல்லு" என்றார்.

போன் போட்டேன். அண்டாவில் இன்னும் தண்ணீர் கொதிக்கவில்லை என்றார் அவர். "அப்படியே இருக்கட்டுமாம். இந்தக் கலர் சரிதானாம்" என்றேன்.

"அக்கா பாத்துதான் சொன்னாங்களா?"

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தாங்க" என்றேன். அது பொய்யா இல்லையா என்று இப்போதும் எனக்குத் தெளிவில்லை.

வேலூரில் கண் டாக்டர் இரண்டு கண்ணிலும் புரை என்றார். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மஞ்சளாகிப் போயிருக்கிறது, அதன் வழியாகப் பார்த்தால் நீலம் பச்சையாகத்தான் தெரியும் என்றார். முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன். கட்டுப் பிரித்த அன்று வீடு திரும்ப நான் காரைக் கொண்டுபோயிருந்தேன். அத்தை ஏறவில்லை. திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர், ஒரு கண்ணைக் கையால் மூடினார். பிறகு மற்றதை மூடினார். வண்டி நிறுத்தத்துக் காவலாளி எங்களையே பார்த்தார்.

"ஐயய்ய. இம்மாம் நீலமா அடிச்சி வெச்சிருக்க?"

"நீங்கதாங்க சொன்னீங்க."

"நான் சொன்னா அடிச்சிடறதா? படிச்ச பொண்ணு" என்று சொல்லிக்கொண்டே ஏறினார். கண்ணமங்கலம் தாண்டும்வரை கண்களை மாற்றி மாற்றி மூடிக்கொண்டே வந்தார். இதுல நீலம், இதுல பச்சை, ஒரே சீட்டுதானே என்று முணுமுணுத்தார்.

முகூர்த்தப் புடவை தறியிலிருந்து இறங்கிய அன்று அவர் வெளிச்சத்தில் அதை விரித்தார். புதுக் கண்ணால் பார்த்துத் தலையாட்டினார். பிறகு அந்தக் கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணாலும் அதே அளவு நேரம் பார்த்தார்.

"அதுல எதுக்குங்க அத்தை பாக்கறீங்க?"

"கல்யாணத்துக்கு வயசானவங்க எத்தினி பேரு வருவாங்க. அவங்களுக்குப் பச்சையாத்தானே தெரியும். பச்சையாவும் நல்லா இருக்கணும்ல."

இருந்ததாம். மடித்துக் கொடுத்துவிட்டு, பின் சீட்டு இன்னும் சாம்பலாகவே கிடக்கிறதே, எப்போது அடிக்கப் போகிறாய் என்று கேட்டார். என்ன கலர் என்று கேட்டேன். இடது கண்ணுக்கும் ஆபரேஷன் ஆகட்டும், அப்புறம் சொல்கிறேன் என்றார்.