பன்னிரண்டாம் ஆள்

நம்பினால் நம்புங்கள். இது கட்டிய கதை இல்லை, எனக்கு நடந்தது. நேரத்தைக்கூட அன்றைக்கே நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.

அப்போது நான் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்து, அவற்றைப் பற்றி முறையாக எழுதக் கற்றுத்தரும் பாடம் ஒன்று இருந்தது. பத்துக் கட்டுரைகளைப் படித்துத் தொகுத்து எழுத வேண்டும். பாடம் எடுத்த மேடத்துக்கு ஒரே சட்டம்தான்: படிக்காததை மேற்கோள் பட்டியலில் போடக் கூடாது.

ஒன்பதைப் படித்தேன். பத்தாவது ரொம்பப் பழையது, தூக்கமின்மை பற்றியது. அதன் தலைப்பை மட்டும் வேறொருவர் பட்டியலிலிருந்து சுட்டேன். உள்ளே என்ன இருக்கிறதென்று யார் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள்? சொந்தமாக இரண்டு வரி அளந்துவிட்டேன். 'பன்னிரண்டு பேரைத் தூங்கவிடாமல் சோதித்தார்கள். ஒன்பதாம் நாள் ஒரு பெண் இறந்ததால் ஆய்வு நின்றது.'

அந்தச் சாவுதான் வினையாகிவிட்டது. மேடம் அதன் கீழே கோடு போட்டு, மூலக் கட்டுரையின் நகலைத் திங்கட்கிழமை கொண்டுவரச் சொன்னார். இல்லாவிட்டால் பூஜ்யம். ஒரு வருடம் வீணாகும். அப்பா முகத்தில் எப்படி விழிப்பது?

சனிக்கிழமை, மதியம் 3.40. நூலகத்தின் அடித்தளம். பழைய இதழ்களை வருடவாரியாகத் தைத்து அடுக்கியிருக்கும் இடம். கீழே நான் மட்டும்தான். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். கட்டுரையைக் கொடுத்து அன்று ஒன்பதாம் நாள்.

தொகுதி கிடைத்தது. நின்றபடியே புரட்டினேன். சர்ர்... அலமாரிக்கு அந்தப் பக்கமும் ஒரு தாள் புரண்டது. எதிரொலி என்று நினைத்தேன். இன்னொரு தாள் புரட்டினேன். அங்கேயும் சர்ர்...

3.52. புரட்டுவதை நிறுத்தினேன்.

அங்கே மட்டும் ஒரு தாள் புரண்டது.

"யாரு?"

"பன்னெண்டு பேருன்னு எழுதினது நீதானே?"

பெண் குரல். பல நாள் தூங்காத குரல்.

புத்தக இடுக்கில் இரண்டு கண்கள். சிவந்திருந்தன. இமைக்கவே இல்லை...

"பேரும் வைக்கல. எதனால செத்தேன்னும் எழுதல."

ஓடினேன்.

படித் திருப்பத்தில் கால் இடறியது. கைப்பிடி மட்டும் கையில் சிக்கியிராவிட்டால் மண்டை சிதறியிருக்கும்.

திங்கட்கிழமை வெறுங்கையோடு போய் நின்றேன். மேடம் வேறொரு நூலகத்துக்கு எழுதி, நகலைத் தானே வரவழைத்திருந்தார். அதை என் முன்னால் நகர்த்தினார். சோதனைக்கு வந்தவர்கள் பதினொரு பேர். அத்தனை பேரும் நலமாக வீடு திரும்பியிருந்தார்கள்.

"அப்ப இந்தப் பொண்ணு எங்கேருந்து வந்தா?" என்று கேட்டார்.

பொய் என்று ஒப்புக்கொண்டேன். பூஜ்யம்தான். மறுவருடம் திரும்ப எழுதியபோது அந்த வரியே இல்லாமல் எழுதினேன். தொல்லை விட்டது என்று நினைத்தேன்.

இப்போது அதே துறையில் ஆய்வு மாணவி நான். போன வாரம் ஜூனியர்களின் கட்டுரைகளைத் திருத்தச் சொல்லி மேடம் கொடுத்தார். சீனியர்களின் பழைய கட்டுரைகள் கைமாறிக்கொண்டே இருக்கும். பூஜ்யம் வாங்கிய என் முதல் கட்டுரையும் அப்படிச் சுற்றியிருக்கிறது. ஒருத்தியின் தாளில் இப்படி இருந்தது:

'பன்னிரண்டாம் ஆள் ஒரு பெண். ஒன்பதாம் நாள் படியில் விழுந்து மண்டை உடைந்து இறந்தார்.'

ஆதாரம் போடும் இடத்தில், 'நேரில் சொன்னது' என்று மட்டும் இருந்தது.

அவளைக் கூப்பிட்டேன்.

"இத யாரு சொன்னா?"

"லைப்ரரில கீழ உக்காந்திருந்த ஒரு அக்கா. பட்டியல்ல போடணுமேன்னு பேரு கேட்டேன்..."

என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"உங்க பேரத்தான் சொன்னாங்க, அக்கா."